கியர்பொக்ஸ் தொழிற்சாலையைக் காட்டித் தந்த எல்லோருக்கும் நன்றி

அன்பான உறவுகளுக்கு,

வந்த உடனேயே எழுத நினைத்தது, கராஜில் வேலை குவிந்து கிடந்ததால் இப்போதுதான் கை ஒழிந்தது. தங்கச்சி மகளின் கல்யாணத்துக்கு இங்கிலாந்து போனபோது, ரேஸ் கார்களுக்குக் கியர்பொக்ஸ் செய்கிற தொழிற்சாலை ஒன்றுக்குள் போய்ப் பார்க்கக் கிடைத்தது.

முதல் நன்றி மச்சானுக்கு. "அரண்மனை, பாலம் எல்லாம் வேணாம் மச்சான், கியர் வெட்டுற இடத்தைக் காட்டுங்க" என்றேன். சிரித்தார், ஆனால் லீவு போட்டு, கேட்க வேண்டியவர்களிடம் கேட்டு, கூட்டிக்கொண்டு போய், நாள் முழுக்க மொழிபெயர்ப்பும் செய்தார். போகும் வழியில் சில்வர்ஸ்டோன் ஓடுதளம். 1950 மே 13இல் ஃபோர்முலா வன் உலகத் தொடரின் முதல் ஓட்டம் நடந்தது அங்கேதான். ரேஸ் வேலை செய்கிற பட்டறைகள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஏராளம்.

உள்ளே விட அனுமதி தந்தவர் பெயர் போட வேண்டாம் என்றார், சரி. போன் கமராவுக்கு ஸ்டிக்கர் ஒட்டியதோடு கெடுபிடி முடிந்தது, அதற்குப் பிறகு கேட்டதற்கெல்லாம் பதில். தியத்தலாவையில் ஃபொக்ஸ் ஹில் ரேஸ் பார்த்துவிட்டு வந்த நம்ம பொடியன்மார் "ஏன் ரேஸ் கார் கியர் இப்படி ஊளையிடுது?" என்று கேட்பார்களே, அதையும் கேட்டேன். நம் வாகனங்களில் பற்கள் சாய்வாக வெட்டியிருப்பதால் ஒன்றோடொன்று மெதுவாகப் பொருந்தும், சத்தம் குறைவு, ஆனால் கியரைத் தாங்கிச் சுழலும் தண்டான ஷாப்ட்டைப் பக்கவாட்டில் தள்ளும். நேராக வெட்டினால் அந்தத் தள்ளல் இல்லை, சத்தம் மட்டும்தான், ரேஸில் அதைப் பற்றி யாருக்குக் கவலை!

என்னால் மறக்க முடியாதது பரிசோதனை அறையில் இருந்த அம்மா. அளவெடுக்கும் பகுதியை எப்போதும் 20 பாகை செல்சியஸில் வைத்திருக்கிறார்கள், சூடு ஏறினால் இரும்பு விரிந்து அளவு மாறிவிடும் என்று. எனக்குக் குளிரில் பல்லடித்தது. ஓடிக் கழித்த பற்சில்லு ஒன்றைக் கையில் தந்து, ஏதாவது தெரிகிறதா என்று கேட்டார். நகத்தால் ஒவ்வொரு பல்லாகத் தடவினேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. பிறகு அதைக் காந்தமேற்றி, மிக நுண்ணிய, ஒளிரும் சாயம் ஏற்றிய இரும்புத்தூள் கலந்த திரவத்தை ஊற்றி, விளக்கை அணைத்து புற ஊதாக்கதிர் அடித்தார். ஒரு பல்லின் அடியில் தலைமயிர் மாதிரி பச்சைக் கோடு. வெடிப்பு உள்ள இடத்தில் காந்தம் கசிந்து தூளை இழுத்துக்கொள்ளுமாம். வெடிப்பே இல்லாவிட்டாலும், குறித்த தூரம் ஓடிவிட்டால் கழட்டி எறிந்துவிடுவார்களாம், அதற்காகவே ஒவ்வொன்றுக்கும் இலக்கம். லான்ட்மாஸ்டர் உழவு மெசின் கியர்ப் பல்லுக்கு வெல்டிங் அடித்து ராவிக் கொடுக்கிற எனக்கு நெஞ்சு பதறியது. அந்த அம்மா என் கறுத்த விரல்களைப் பார்த்தே தொழிலைக் கண்டுபிடித்து, தன் சாப்பாட்டு நேரத்தையும் விட்டு விளக்கினார். தங்கச்சி கொடுத்துவிட்ட மரமுந்திரிகைப் பருப்பு அவருக்குப் பிடித்ததாம், மச்சான் சொன்னார்.

நான் இல்லாதபோது கராஜைப் பார்த்துக்கொண்ட பொடியன்மாருக்கும், விசாக் கடதாசிகளை நிரப்பித் தந்த பக்கத்துக் கடைத் தம்பிக்கும் நன்றி.

கழித்த பற்சில்லு ஒன்றை அன்பளிப்பாகத் தந்தார்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், அது வேறு கதை. இப்போது கல்லடியில் என் கராஜ் மேசையில் இருக்கிறது. தொழில்நுட்பக் கல்லூரிப் பிள்ளைகள் யாரும் வந்து தாராளமாகக் கையில் எடுத்துப் பார்க்கலாம், ஞாயிறு மட்டும் வராதீங்க, பூட்டியிருக்கும்.