மேசையை அளந்து பார்த்தாயா?

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய டிராக்கை நாலு தடவை கேட்டேன். பேஸ் லைன் பிரமாதம். டிரம்மில் வரும் ஹை-ஹாட் தாளத்தட்டுதான் முதலிலிருந்து கடைசிவரை ஆணி அடிப்பதுபோல் ஒரே சத்தத்தில் போகிறது. மவுஸால் வரைந்தாய்தானே? அப்படி வரைந்தால் மென்பொருள் எல்லாச் சுரத்துக்கும் ஒரே வெலாசிட்டியை, அதாவது எவ்வளவு வேகமாக அழுத்தினோம் என்ற எண்ணை, போட்டுவிடும். ஒன்று 100 என்றால் எல்லாமே 100. கையால் தட்டினால் 70, 92, 64 என்று விழும். கருவியும் கணினியும் பேசிக்கொள்ளும் மொழியான மிடியில் அதற்கு 127 வரை படிகள் இருக்கின்றன, நீ ஒரே படியில் உட்கார்ந்திருக்கிறாய்.

அதனால் உனக்குக் கணினியோடு இணைக்கும் கீபோர்டு கன்ட்ரோலர் ஒன்று வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 88 கட்டைதான் வேண்டும் என்கிறாயே, அதில்தான் சந்தேகம்.

நான் முதலில் வாங்கியதும் 88தான், பியானோ மாதிரி சுத்தியல் வைத்த கனமான கட்டைகள். வந்த அன்றே கம்பியை மாட்டி அழுத்துகிறேன், சத்தமே வரவில்லை. கெட்டுப்போன சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று உன் அம்மாவிடம் ஒரு மணி நேரம் புலம்பினேன். கன்ட்ரோலருக்குச் சொந்தக் குரல் கிடையாது, எந்தக் கட்டையை எவ்வளவு வேகமாக அழுத்தினோம் என்று கணினிக்குச் சொல்வதோடு அதன் வேலை முடிந்தது என்பது அப்புறம்தான் புரிந்தது. மேசையில் அடங்காமல் அது கட்டிலுக்கு அடியில் போனது. ஒவ்வொரு தடவையும் இழுத்து வெளியே எடுக்கச் சோம்பல்பட்டே வாசிப்பதைக் குறைத்துவிட்டேன்.

நீ பேஸை ஒரு முறை, பல சுரங்கள் சேர்ந்த கார்டை ஒரு முறை என்று தனித்தனியாகத்தான் பதிவு செய்கிறாய். அதற்கு 49 தாராளம், நாலு ஆக்டேவ், அதாவது நாலு ஸ்தாயி இருக்கும். இடமே இல்லை என்றால் 37. 25 கட்டையில் ஆக்டேவ் பட்டனை வைத்து மேலே கீழே போகலாம்தான், ஆனால் இரண்டு கையும் சேர்ந்து வாசிக்க இடம் போதாது. முறையாகப் பியானோ கற்கப் போகிறாய் என்றால் மட்டும் 88 பற்றிப் பேசுவோம்.

எண்ணிக்கையைவிடத் தொட்டால் எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம். வாங்கும் முன் தொட்டுப் பார்க்கக் கிடைத்தால், இரண்டு கருப்புக் கட்டைகளுக்கு நடுவே விரலை உள்ளே தள்ளி வெள்ளைக் கட்டையை அழுத்து. குட்டைக் கட்டை என்றால் அச்சு பக்கத்திலேயே இருக்கும், அந்த இடம் கல்லாய்க் கனக்கும். முன் நுனியில் மெத்தென்று இருந்ததே என்று ஏமாந்துவிடாதே, கார்டு பிடிக்கும்போது விரல் உள்ளேதான் போகும். அப்புறம் ஒரே கட்டையைப் பூப்போல் தொட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பலத்தைக் கூட்டிக்கொண்டே திரையில் எண்ணைப் பார். 20, 35, 50 என்று ஏற வேண்டும். 40இலிருந்து 90க்குத் தாவினால் அழுத்துவதை எண்ணாக மாற்றும் வெலாசிட்டி கர்வை மாற்றிப் பார். அப்போதும் தாவினால் வைத்துவிட்டு வந்துவிடு.

உன் ஹை-ஹாட்டுக்கு விரலால் தட்டும் பேட் எட்டு இருந்தால் சுகம். 1988இல் வந்த அகாய் எம்பிசி60 என்ற தாளக் கருவியின் நாலுக்கு நாலு பேட் அமைப்புக்கு விரல் பழகியவர்கள் 16 கேட்பார்கள், அது உன் இஷ்டம். திருகும் நாப் வரிசையைப் பார்த்து மயங்காதே. எத்தனை இருந்தாலும் ஒலியின் தன்மையை மாற்றும் ஃபில்டர் கட்ஆஃபையும் ரெசனன்ஸையும்தான் திருகிக்கொண்டிருப்பாய். பிட்ச் பெண்ட் மட்டும் சக்கரமாகவே இருக்கட்டும். சில சின்னக் கருவிகளில் அதற்குப் பதில் பட்டன் வைக்கிறார்கள். சுரத்தை வளைக்காமல் நாலு வரி வாசிக்க மாட்டாயே நீ!

வாங்கிய பிறகு சத்தம் பிந்தி வந்தால் கன்ட்ரோலரைத் திட்டாதே, கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபரைப் பார். விநாடிக்கு 44,100 சாம்பிள் வேகத்தில் பஃபரை 512 சாம்பிள் என்று வைத்தால் அது மட்டுமே 11.6 மில்லி விநாடி எடுக்கும். 128 ஆக்கினால் 3க்குள் வந்துவிடும். சுரத்தை நீட்டும் பெடலை மிதித்துக்கொண்டு கன்ட்ரோலரை ஆன் செய்யாதே. பல கீபோர்டுகள் அந்த நொடியில்தான் பெடலின் நிலையைப் பார்த்துக்கொள்ளும். மிதித்திருந்தால் எல்லாம் தலைகீழாகி, காலை எடுத்த பிறகு சுரம் இழுக்கும்.

சரி, இப்போது டேப்பை எடுத்து உன் மேசையை அளந்து எழுது. 49 கட்டை, சக்கரங்களோடு சேர்த்து அகலத்தில் 80 செ.மீ. வரை பிடிக்கும். லேப்டாப்பை எங்கே வைப்பாய் என்றும் சொல்.

அன்புடன்,
அப்பா