சித்தி, நீ காய் விட்ட அந்த மூன்று நாள்

அன்புள்ள சித்திக்கு,

இதை அம்மா உனக்கு வாசித்துக் காட்டுவாள். பாதியில் எழுந்து போய்விடாதே, எல்லாம் உன்னைப் பற்றித்தான்.

ஜெபம் என்றால் நாங்களெல்லாம் 'நீர்', 'உமது' என்று வேறு ஆளாக மாறிவிடுவோம். நீ மட்டும் 'நீ' என்பாய். "ஏசப்பா, ஆச்சிக்குக் கால் வலிக்குது, பாத்துக்கோ. ஆமென்." அடுத்த வார்த்தை, "இட்லி வெந்துட்டா?" உனக்கு ஒன்றும் புரியவில்லை என்று அப்போது நினைத்தேன். நானோ அரைமணி நேரம் முழங்காலில் நின்றுவிட்டு, அப்புறம் விடியவிடிய ஸ்கேன் ரிப்போர்ட்டைப் புரட்டிக்கொண்டிருப்பேன்.

விசுவாசப் பிரமாணத்தை ஒப்பிக்க வரவில்லை என்று, நற்கருணை வாங்குவதற்கு முன் முடிக்க வேண்டிய திடப்படுத்தல் வகுப்பிலிருந்து உன்னைத் திருப்பி அனுப்பினார்கள். நற்கருணைக்கு எல்லோரும் எழுந்துபோக, பல வருஷம் நீ பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாய். அதே ஆலயத்தில்தான் மாற்கு 10ஆம் அதிகாரமும் வாசிப்பார்கள். பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களைச் சீஷர்கள் அதட்டியதைப் பார்த்து இயேசு 'விசனமடைந்து' என்று அங்கே இருக்கிறது. அந்த ஒரு சொல்லை யாரும் அழுத்தி வாசித்து நான் கேட்டதில்லை.

'யார் செய்த பாவமோ' என்று தெருவில் பேசியதும் உண்டு. யோவான் 9இல் பிறவிக்குருடனைக் காட்டிச் சீஷர்கள் கேட்டதும் அதுதானே. 1959இல் ழெரோம் லெழூனும் உடன் வேலை செய்தவர்களும் கண்டறிந்து சொன்னார்கள்: உன்னைப் போல டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்கு ஒரு குரோமோசோம் கூடுதல், 46க்குப் பதில் 47. இதை ஆச்சிக்கு விளக்கியபோது, "கூடத்தானே இருக்கு, கொறையலையே" என்றாள். அதற்கு மேல் அவளுக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை.

அந்த ஆச்சி போன அன்றைக்கு ஆறுதல் சொல்ல வந்தவர்கள் "தேவ சித்தம்" என்றார்கள். நானும் தலையாட்டினேன். நீ ஆட்டவில்லை. சுவரில் இருந்த படத்தைப் பார்த்து, "உன்கூட காய்! போ!" என்று கத்தினாய். உன் வாயைப் பொத்த வந்தவர்களில் நானும் ஒருத்தன். மூன்று நாள் நீ ஜெபிக்கவில்லை, சாப்பாட்டுக்கு முன்னாலும்கூட. நாலாம் நாள் காலையில் அதே படத்துக்கு முன்னால் இரண்டு விரலை நீட்டி, "சரி, பழம்" என்றாய். ஆச்சியைத் திருப்பிக் கேட்கவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. கோபம் தீர்ந்திருந்தது, அவ்வளவுதான். அப்புறம் ஒரு மூச்சு அழுதுவிட்டு இட்லி கேட்டாய்.

வெகுநாள் கழித்து 13ஆம் சங்கீதத்தை வாசித்தேன். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தாவீது காய் விடுகிறான். ஆறே வசனம்தான். கடைசி வசனத்தில் பாடப்போகிறேன் என்கிறான். உன் மூன்று நாளை அவன் ஆறு வசனத்தில் முடித்துவிட்டான் என்று தோன்றியது.

நான் காய் என்று வாய்விட்டுச் சொன்னதே இல்லை, சித்தி. மரியாதையாக 'நீர்' என்று சொல்லிக்கொண்டே கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். இரண்டு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ "கோயிலுக்குப் போனியா?" என்று கேட்கும்போதெல்லாம் சிக்னல் சரியில்லை என்று சொன்னது பொய்.

நேற்று ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு சத்தமாகவே சொன்னேன், காய் என்று. பக்கத்து வீட்டில் கேட்டிருக்கும்.

கோயிலில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு ஊருக்கு வருகிறேன். பந்தியில் உன் பக்கத்தில் எனக்கும் ஒரு இடம் பிடித்து வை.

உன் மகன்