ஒற்றை அறை வீட்டுக்கும் ஞாயிறு மலரில் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளி நெருங்கும்போதெல்லாம் தங்கள் ஞாயிறு மலரில் வெளிவரும் வீட்டு அலங்காரக் குறிப்புகளைப் பல ஆண்டுகளாக விடாமல் படித்து வருகிறேன். அவற்றால் நான் பயன் பெற்றதுண்டு. ஆயினும், அந்தப் படங்களில் காணும் வரவேற்பறை ஒன்றே நான் குடியிருக்கும் முழு வீட்டையும்விடப் பெரிதாக இருக்கிறது. ரப்பர்த் தோட்டங்கள் கைமாறி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களைக் காலி செய்துவிட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகளில் பலர் இன்று அடுக்குமாடிகளிலும் கடை வீடுகளின் மாடிகளிலும்தான் வாழ்கிறோம். அரசின் மக்கள் வீடமைப்புத் திட்டத்தின் மூன்றறை வீடே ஏறக்குறைய 700 சதுர அடிதான். சுங்கை சிப்புட்டில், கடை வரிசை ஒன்றின் மாடியில், ஸ்டூடியோ என்ற பெயரில் எனக்கு வாடகைக்குக் கிடைத்த ஒற்றை அறை 20 அடி நீளமும் 18 அடி அகலமும் கொண்டது. சமைப்பது, படுப்பது, சாமி கும்பிடுவது எல்லாம் அதற்குள்தான். இத்தகைய வீட்டையும் குறைந்த செலவில் நம் விருப்பப்படி அழகாக வைத்துக்கொள்ள முடியும் என்பதை என் அனுபவத்திலிருந்து எழுத விரும்புகிறேன்.

குடிவந்த முதல் மாதமே ஒரு தவறு செய்தேன். தளவாடக் கடை ஒன்றில் மூவர் அமரும் சோபாவைத் தவணை முறையில் எடுத்தேன். மாடிப்படி திரும்பும் இடத்தில் அது நுழையவில்லை. சுமந்து வந்த இருவரும் அரை மணி நேரம் சாய்த்தும் நிமிர்த்தியும் பார்த்துவிட்டுத் திரும்ப எடுத்துச் சென்றார்கள். முன்பணமாகக் கட்டிய 200 மலேசிய வெள்ளியைக் கடைக்காரர் திருப்பித் தரவில்லை. அதன் பிறகு, எந்தப் பொருளை வாங்குவதானாலும் அதன் நீள அகலத்துக்குத் தங்கள் நாளிதழின் பழைய தாள்களைத் தரையில் விரித்து ஒட்டி, இரண்டு நாள் அதைச் சுற்றியே நடந்து பார்க்கிறேன். கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே இரண்டடி வழியாவது இல்லையென்றால் அந்தப் பொருள் எனக்கு வேண்டாம். படிக்கட்டின் அகலத்தையும் திருப்பத்தையும் ஒரு தாளில் குறித்துக் கைப்பையிலேயே வைத்திருக்கிறேன்.

சுவருக்குச் சாயம் பூச வீட்டுக்காரரிடம் முதலில் அனுமதி கேட்டேன். நான்கு சுவர்களுக்கும் பூசக் கையில் பணமில்லை. ஆகவே, கதவைத் திறந்ததும் கண்ணில் படும் 18 அடிச் சுவரை மட்டும் தேர்ந்தெடுத்தேன். ஒரு லிட்டர் சாயம் ஒரு பூச்சுக்கு ஏறக்குறைய 100 சதுர அடிக்கு வரும் என்பதால், ஒன்பதடி உயரமுள்ள அந்தச் சுவருக்கு இரண்டு பூச்சுக்கும் சேர்த்து மூன்று லிட்டருக்குச் சற்று மேல்தான் ஆயிற்று. ஐந்து லிட்டர் வாளியில் எஞ்சியது சமையல் மூலைக்குப் போதுமாக இருந்தது. லயத்து வீட்டில் பொங்கலுக்கு முன் சுண்ணாம்பில் நீலம் கலந்து அடிப்போமே, அதே இளநீலத்தைத்தான் கேட்டு வாங்கினேன். மற்ற மூன்று சுவர்களும் வெள்ளையாகவே இருப்பதால் அறை இருண்டு போகவில்லை.

திரைச்சீலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் என் அறையை மாற்றியது அதுதான். கடையில் தைத்த திரைச்சீலைகள் சன்னல் அளவுக்கே வருகின்றன. அவற்றை மாட்டினால் சுவர் குட்டையாகத் தெரிகிறது. கம்பியைச் சன்னலுக்கு மேலே, கூரைக்குச் சற்றுக் கீழே பொருத்தித் துணியைத் தரைவரை தொங்கவிட்டால் அதே அறை உயரமாகத் தெரியும். அவ்வளவு நீளமான துணிக்கு எங்கே போவது என்று யோசித்தபோது அம்மாவின் வாயல் சேலைகள் நினைவுக்கு வந்தன. சேலையின் நீளம் ஐந்தரை மீட்டர், அதாவது 18 அடி. பாதியாக மடித்தால் சரியாக ஒன்பதடி. அம்மாவுக்குச் சேலையில் கத்தரி படுவது பிடிக்கவில்லை. ஆகையால் வெட்டாமல், தைக்காமல், அப்படியே கம்பியின் மேல் போட்டு இரு முனைகளையும் சமமாக இழுத்துவிட்டேன். துணி இரட்டையாக விழுவதால் பிற்பகல் வெயில் உறைப்பதில்லை. காலையில் முந்தானையின் மஞ்சள் பூக்கள் வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிகின்றன. ரப்பர்ப் பால்மரம் சீவி முடித்து வந்து, குளித்துவிட்டு, கோயிலுக்குப் புறப்படும்போது அம்மா கட்டிய சேலை அது. எந்தக் கடையிலும் அது விலைக்குக் கிடைக்காது.

என் மேசை பழைய சாமான் கடையில் 60 வெள்ளிக்கு வாங்கியது. சுவரோடு மடித்து வைக்கலாம். அது பால்மரப் பலகை என்று அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எழுதாமல் இருக்க முடியவில்லை. இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்த மரங்களை ஒரு காலத்தில் விறகாக எரித்தார்கள். மாவுச்சத்து மிகுந்த அந்த மரத்தைப் பூச்சி எளிதில் அரித்துவிடும் என்பதால், இன்று அதற்குப் போரான் மருந்தேற்றி, உலர்த்தி, ஜொகூரின் மூவார் பகுதித் தொழிற்சாலைகளில் மேசை நாற்காலிகளாகச் செய்து ஏற்றுமதி செய்கிறார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எண்ணெய் பூசியதும் அதன் வெளிர் நிறமும் நார்க்கோடுகளும் தெளிந்து வந்தன. ஈரம் மட்டும் தங்கக் கூடாது.

மேசைக்கு மேலே அப்பாவின் படத்தை மாட்டியபோது இன்னொரு பாடம் கிடைத்தது. ஆணி அடிக்க அனுமதியில்லாததால் ஒட்டும் கொக்கி வாங்கினேன். சாயம் பூசிய இரண்டாம் நாளே ஒட்டிவிட்டேன். நள்ளிரவில் படம் விழுந்து கண்ணாடி நொறுங்கியது. புதிய சாயம் இறுக ஒரு வாரமாவது ஆகும் என்பது அதன் பிறகே தெரிந்தது. இப்போது சுவரைத் துடைத்து, காயவிட்டு, கொக்கியை ஒட்டி, ஒரு மணி நேரம் கழித்தே பாரம் ஏற்றுகிறேன்.

கட்டிலை மறைக்க, பின்பலகை இல்லாத நான்கடி உயர அடுக்கு ஒன்றை நடுவில் நிறுத்தியிருக்கிறேன். வெளிச்சம் அதன் ஊடாக உள்ளே வருகிறது. அதன் மேல்தட்டில் கோலகங்சாருக்கு அருகிலுள்ள சாயோங் கிராமத்தின் கறுப்பு மண்குடுவை இருக்கிறது. சுட்ட சூட்டோடு நெல் உமியில் புதைப்பதால்தான் லாபு சாயோங் எனப்படும் இக்குடுவைக்கு அந்தக் கறுப்பு நிறம் வருகிறது. பக்கத்தில், தோட்டத்திலிருந்து கொண்டுவந்த இரண்டு பீங்கான் மங்குகளில் மணி பிளாண்ட் தண்ணீரிலேயே வளர்கிறது. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் ஒரு வாரத்திற்குள்ளேயே கொசுவாகிப் பறந்துவிடக்கூடும் என்பதால், நான்கு நாளுக்கு ஒரு முறை தண்ணீரை ஊற்றிவிட்டு மங்கின் உட்புறத்தையும் தேய்த்துக் கழுவுகிறேன்.

இரவில் கூரையிலுள்ள குழல் விளக்கை நான் போடுவதில்லை. மேசையில் ஒன்றும் கட்டிலருகே ஒன்றுமாக, 2700 கெல்வின் என்று பெட்டியில் அச்சிட்ட மஞ்சள் ஒளி விளக்குகள் இரண்டு போதும். சாமி மேடைக்குப் பின்னால் மட்டும், புகை படிந்தாலும் துடைக்க எளிதாக, கட்டட வேலையில் மிஞ்சிய வெள்ளைப் பீங்கான் ஓடு இரண்டைப் பதித்திருக்கிறேன்.

இவை அனைத்திற்கும், இழந்த முன்பணத்தைச் சேர்க்காமல், ஆறு மாதங்களில் 410 வெள்ளி செலவாயிற்று. ஐயா, என் வேண்டுகோள் இதுதான். மாதத்திற்கு ஒரு முறையாவது, ஞாயிறு மலரில் அரைப் பக்கத்தைச் சிறிய வீடுகளுக்கென ஒதுக்குங்கள். வாசகர்களே தங்கள் அறையின் படத்தையும், அடிக்கணக்கில் அதன் அளவையும், வாங்கிய பொருள்களின் விலையையும் அனுப்பட்டும். பினாங்கிலும் கிள்ளானிலும் என்னைப் போல் ஒற்றை அறையில் இருப்பவர்கள் சாமி மேடையை எங்கே வைத்திருக்கிறார்கள், துணி காயப்போட என்ன செய்கிறார்கள் என்று அறிய மிகுந்த ஆவலாக இருக்கிறேன். தாங்கள் இசைந்தால், என் அறையின் அளவுப் படத்தையும் செலவுக் கணக்கையும் முதல் பதிவாக அனுப்பி வைக்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்.