ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாருங்கள்

தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்துக்கும் சென்னை மாநகராட்சி சுகாதாரத் துறைக்கும்,

வணக்கம். நான் மணலியில் குடியிருக்கிறேன். எங்கள் வீட்டு மாடியில் மூன்று அறைகள். ஒடிசா, பீகார், மேற்கு வங்கத்துப் பையன்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். விடியும் முன்னே டிபன் பாக்ஸோடு கிளம்பினால் ராத்திரிதான் திரும்புவார்கள். எல்லோருக்கும் நான் அக்கா.

போன வருடம் அவர்களில் ஒரு தம்பிக்கு விட்டு விட்டுக் காய்ச்சல். டாக்டர் மற்ற பரிசோதனைகளோடு எச்.ஐ.வி.யும் பார்க்கச் சொன்னார். எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் அரசின் நம்பிக்கை மையம் ஒன்றுக்கு நானே கூட்டிப் போனேன். மதியம் தாண்டிவிட்டதால் நாளைக்கு வரச் சொன்னார்கள். ஒரு நாள் கூலி போச்சு. மறுநாள், கொஞ்சம் தமிழ் தெரிந்த அறை நண்பனும் கூட வந்தான். இரண்டு பேரும் ஒரே ஊர்.

நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. ஆலோசகர் அம்மா தன்மையாகத்தான் பேசினார். ஆனால் கேட்ட கேள்விகள் யாரோடு பழக்கம், ஆணுறை உண்டா என்பவை. நண்பன் தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தான். தம்பி வாயே திறக்கவில்லை. சொந்த ஊர்க்காரன் முன்னால் யார்தான் திறப்பார்கள்? கடைசியில், ஒரு வரிகூடப் புரியாத தமிழ்ப் படிவத்தின் அடியில், உருண்டை உருண்டையான ஒடியா எழுத்தில் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது கை நடுங்கியது. முடிவு என்ன என்று இங்கே எழுத மாட்டேன். அது அவருடையது.

2017ஆம் வருட எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், பரிசோதனைக்கு முன் அவரவருக்குப் புரியும் மொழியில் விளக்கித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்கிறது. அன்று வாங்கியது சம்மதமா?

புலம்பெயர் தொழிலாளர்களுக்கும் லாரி ஓட்டுநர்களுக்கும் தனித் திட்டங்கள் வைத்திருக்கிறீர்கள், தெரியும். பரிசோதனையும், தொற்று உள்ளவர்கள் சாப்பிடும் கூட்டு மருந்தும் இலவசம் என்பதும் தெரியும். அந்தத் தம்பிக்குத்தான் தெரியாது. தெரிந்தாலும் பகல் ஷிஃப்டை விட்டுவிட்டு எப்படி வருவார்? அதனால் நீங்கள்தான் வர வேண்டும். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் போதும், முதல் முடிவு அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். சந்தேகம் வந்தால் மட்டும் உறுதிப்படுத்த மையத்துக்கு அனுப்பலாம். இந்தி, ஒடியா, வங்காளம் பேசும் ஆலோசகரைக் கூட்டி வாருங்கள். பிரஷர், சுகர், சளிப் பரிசோதனையோடு சேர்த்து வையுங்கள், அப்போதுதான் வரிசையில் நிற்கக் கூச்சம் இருக்காது. தொற்று ஏற்பட்ட புதிதில் பரிசோதனையில் தெரியாமல் போகலாம், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்பதையும் அவர்கள் மொழியிலேயே சொல்லுங்கள். அதற்குள் வேலை வேறு ஊருக்கு மாறினால் எங்கே போவது, மருந்து சாப்பிடுகிறவர் ஊர் திரும்பினால் அங்கே எப்படித் தொடர்வது என்பதையும்தான்.

ஒன்று மட்டும் வேண்டாம். கான்ட்ராக்டர் மூலமாக வராதீர்கள். வேலை கொடுக்க இந்தப் பரிசோதனையைக் கேட்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. ஆனால் ரிசல்ட் அவர் காதுக்குப் போய்விடும் என்ற பயம் மாடியில் எல்லோருக்கும் இருக்கிறது.

‘வடக்கத்திக்காரர்கள் நோயைக் கொண்டு வருகிறார்கள்’ என்று எங்கள் தெருவிலேயே சிலர் பேசுகிறார்கள். 1986இல் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். நீங்களும் சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

எங்கள் மொட்டை மாடி இருக்கிறது. மேசை, நாற்காலி, மறைப்புக்குத் துணித்திரை எல்லாம் நான் போட்டுத் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு மேல் துணி துவைத்து முடித்துவிட்டு எல்லோரும் அறையில்தான் இருப்பார்கள்.

இப்படிக்கு,
மணலிவாசி ஒருத்தி