பதிவேட்டில் இருந்த பெயர்களைப் பார்த்துவிட்டு மகனுக்கு எழுதியது

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், என் முழங்கால் வலி மட்டும் அப்படியேதான்.

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன், பிள்ளைக்கு உன் அப்பாவின் நெற்றி. மருமகள் மெலிந்துபோய் இருக்கிறாள். சரக்குத்தூள் வந்து சேர்ந்ததா? அவளுக்கு நேரத்துக்குச் சமைத்துக் கொடு, குழந்தையின் காதை மூடித் தொப்பி போடு, கனடாக் குளிரை நம்பாதே.

எங்கள் சேர்ச்சில் வரலாற்று மலர் போடுகிறார்கள். பழைய ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து பெயர்களை எடுத்தெழுதச் சொல்லிப் போதகர் என்னிடம் தந்திருக்கிறார். ஈரம் பட்டு ஒட்டிப்போன தாள்கள், தென்னை ஈர்க்கை உள்ளே விட்டு மெதுவாகப் பிரிக்க வேண்டும், அவசரப்பட்டால் மையும் சேர்ந்து உரிந்து வந்துவிடும். உன் பெயருள்ள பக்கத்தில் ஒரு மூலையைக் கறையான் தின்றுவிட்டது, ஆனால் பெயர் முழுதாக இருக்கிறது.

அந்தப் புத்தகம் இருப்பதே உன் அப்பாவால்தான். 1995 அக்டோபர் 30 இரவு, சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு எல்லாரும் வெளியேறுகிறோம், மழை, நாவற்குழிப் பாலத்தில் சனம் அசைய இடமில்லாமல் நிற்கிறது, நீ சைக்கிள் பாரில், கரியரில் அரிசிப் பை, அதன்மேல் சாக்கில் சுற்றிய இந்தப் பதிவேடு. தையல் மெஷினை விட்டுவிட்டு இதைத் தூக்கி வருகிறாரே என்று வழிநெடுக ஏசிக்கொண்டு வந்தேன். திரும்பி வந்து பார்த்தால் சேர்ச்சில் ஒரு வாங்குகூட இல்லை, பாதிக் கூரையில் ஓடில்லை, பீடத்தடியில் ஆட்டுப் புழுக்கை. பாய் விரித்துத்தான் முதல் ஆராதனை நடந்தது, நீயும் இருந்தாய். அந்த ஓடுகளும் வாங்குகளும் சனம் காசு சேர்த்து ஒவ்வொன்றாகப் போட்டவை, உன் அப்பாவின் பங்கும் அதில் உண்டு. இப்போது அந்த வாங்குகளில் இருப்பது என்னைப் போன்ற கிழடுகள்தான், வாலிபர் ஐக்கியம் என்று பெயருக்கு இருக்கிறது.

மலரின் முதல் கட்டுரையும் நான்தான் எழுதுகிறேன். இலங்கைக்கு முதல் மெதடிஸ்த மிஷனரிகளைக் கூட்டிக்கொண்டு புறப்பட்ட தோமஸ் கோக் 1814 மே 3ஆம் திகதி கப்பலிலேயே இறந்துபோனார், கடலில்தான் அடக்கம். தலைவரை இழந்த அந்த இளம் மிஷனரிகள் ஜூன் 29இல் காலியில் இறங்கினார்கள், ஆகஸ்ட்டில் லிஞ்சும் ஸ்குவான்ஸும் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1816இல் பள்ளிக்கூடம் வைத்தார்கள், அதற்கு 1834இல் பேர்சிவல் பாதிரியார் புதுப் பெயர் வைத்தார், நீ படித்த யாழ்ப்பாணம் சென்றல் கல்லூரி அதுதான். நான் படித்த வேம்படி மகளிர் பள்ளிக்கூடமும் அவர்கள் தொடங்கியதுதான். லிஞ்ச் 1817இல் சென்னைக்குப் போனார்.

ஆறுமுக நாவலரைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். பேர்சிவலின் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே படிப்பித்து, அவரோடு இருந்து வேதாகமத்தைத் தமிழாக்கினாரே, அத்தனை வருடமும் திருநீறு பூசிக்கொண்டுதானே? சைவராகவே வந்தார், சைவராகவே போனார். 1848இல் வேலையை விட்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார், 1850இல் அந்த வேதாகமம் சென்னையில் அச்சாகி வந்தது. பிறகு எங்கள் ஆட்களைக் கண்டித்தும் கடுமையாக எழுதினார். இருந்தாலும் அவர் பெயரை விட்டுவிட்டுச் சென்றலின் கதையை யாரும் சொல்வதில்லை, நானும் விடமாட்டேன். இதையெல்லாம் ஏன் அம்மா எழுதுகிறா என்று மருமகள் கேட்டால், மலருக்காக என்று சொல்லு. அவள் நல்ல பிள்ளை. நான் பார்த்துத் தேடியிருந்தாலும் இவ்வளவு பொறுமையான பிள்ளை கிடைத்திருக்காது, அதை நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆனால் மகன், பிள்ளை பிறந்த முப்பத்தொன்றாம் நாள் கழிந்து எத்தனை நாளாயிற்று! பெயர் என்னவென்று நீ இன்னும் சொல்லவில்லை. கேட்டால் பிறகு எடுக்கிறேன் என்று போனை வைத்துவிடுகிறாய். படத்துக்குக் கீழேயும் குட்டி என்றுதான் போட்டிருக்கிறாய். சேர்ச் வாசலில் என்னைப் பார்க்கிற எல்லாரும் பேரனுக்கு என்ன பெயர் என்று கேட்கிறார்கள், நான் குடையை விரித்துக்கொண்டு நடக்கிறேன். சம்பந்தி வீட்டார் கோயிலில் வைத்துப் பெயர் சூட்டியிருந்தால் அதையே எழுது. முருகன் பெயரென்றாலும் எழுது. பதிவேட்டில் உன் அப்பப்பா, அப்பா, நீ என்று மூன்று பேரும் இருக்கிறீர்கள், அதில் போடுவதற்காக நான் கேட்கவில்லை, கூப்பிடுவதற்குக் கேட்கிறேன். அப்பம்மா ஜெபிக்கும்போது குட்டி என்று சொல்லியா ஜெபிப்பது?

மருமகளுக்குச் சரக்குக் கறி வைத்துக் கொடு. வேலை முடிந்து பிந்தி வந்தால் பசியோடு படுக்காதே. வெள்ளிக்கிழமை இரவு நான் விழித்திருப்பேன், போன் எடு, அவளிடமும் கொடு.

அன்புடன்,
அம்மா