கழற்ற முடியாத செருப்பு

உடுமலைப்பேட்டை,
ஆடி இரண்டாம் வெள்ளி

அன்புள்ள ராஜி,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு இடது கண்ணில் புரை எடுத்தாயிற்று. கட்டுப் பிரித்ததும் என்னைப் பார்த்து அவள் சொன்ன முதல் வார்த்தை, "என்னடி, தலை இவ்வளவு நரைச்சிருக்கு?" நான்கு வருடமாகப் புரையின் புண்ணியத்தில் இளமையாக இருந்திருக்கிறேன் போல.

அப்புறம் ஒரு மன்னிப்பு. உன் மகளின் 'வின்டர்' நாவல் இத்துடன் வருகிறது. நீ கொடுத்தனுப்பிய உடம்போடு வரவில்லை. இந்த ஊர் ஆடிக் காற்று உனக்குத் தெரியும். மாடி அறைக் கதவு ராத்திரி முழுக்க டமால் டமால் என்று அடித்துக்கொண்டே இருந்தது. அரைத் தூக்கத்தில் எழுந்து, கைக்கு அகப்பட்ட கனமான சாமானை முட்டுக்கொடுத்துவிட்டுப் படுத்தேன். விடிந்து பார்த்தால் அது இந்தப் புத்தகம். 800 பக்கத்துக்கு மேல் ஆயிற்றே, அடைகல் வேலையை நன்றாகவே பார்த்திருக்கிறது. ஆனால் சாரல் அடித்துக் கடைசி ஐம்பது பக்கம் பொரித்த அப்பளம் மாதிரி ஊதிவிட்டது. துணி போட்டு இஸ்திரிகூடப் போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் படிந்தது, அவ்வளவுதான். பிள்ளையிடம் என் சார்பில் நீயே சொல்லிவிடு.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். "நீ டீச்சர், படித்துப் பார்த்துச் சொல். பதினோராம் வகுப்புப் படிக்கிற பெண் படிக்கிற புத்தகமா இது? திறந்த பக்கத்தில் சுவரெல்லாம் ரத்தமாக இருக்கிறதே" என்று எழுதியிருந்தாய். நீ திறந்த பக்கம் எதுவென்று கண்டுபிடித்துவிட்டேன். அது நிஜ ரத்தம் இல்லை. அந்த இளவரசியின் கண்ணுக்கு மட்டும் அரண்மனைச் சுவர் ரத்தம் கசியும். ஏன் கசிகிறது என்பதில்தான் புத்தகமே இருக்கிறது.

கொஞ்சம் முன்கதை சொல்லவேண்டும். எழுதியவர் மரிஸ்ஸா மேயர், அமெரிக்காவில் டகோமா ஊர்க்காரர். 'செய்லர் மூன்' என்ற ஜப்பான் கார்ட்டூன் மேல் பைத்தியமாக இருந்து, அதன் பாத்திரங்களை வைத்துக் கதை கதையாக எழுதிப் பழகியவர். அந்தக் கார்ட்டூனிலும் ஒரு நிலா இளவரசி உண்டு. பிறகு 2008 நவம்பரில், அந்த ஒரே மாதத்துக்குள், இந்த நாவல் வரிசையில் முதல் மூன்றுக்கும் முதல் வரைவை எழுதி முடித்தாராம். நான் அரையாண்டுத் தேர்வுத் தாள் ஒரு கட்டுத் திருத்த ஒரு மாதம் எடுப்பவள், பெருமூச்சுதான் விட முடிந்தது. 2012இல் 'சிண்டர்' (சிண்ட்ரெல்லா), 2013இல் 'ஸ்கார்லெட்' (சிவப்புத் தொப்பிக்காரி), 2014இல் 'கிரெஸ்' (நீளக் கூந்தல் ரபுன்ஸல்), கடைசியாக 2015 நவம்பரில் உன் மகளின் 'வின்டர்'. இது ஸ்னோ ஒயிட் கதை. எல்லாம் பல நூறு வருடம் கழித்து நடக்கிறது. நிலாவில் குடியேறிய ஜனங்களுக்கு அடுத்தவர் மனதை வசியம் செய்யும் சக்தி வந்துவிடுகிறது. இல்லாத அழகைக் காட்டலாம், எதிரில் நிற்பவன் கையை அவன் கழுத்துக்கே திருப்பலாம். அங்கே ஆள்பவள் அரசி லெவானா. வின்டர் அவளுடைய மூத்தாள் மகள்.

இந்த வின்டரை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. முதல் விஷயம், பனிபோல் வெளுத்த பெண்ணின் கதையை எடுத்து, இவளைப் பழுப்பு நிறத்தவளாக்கியிருக்கிறார். சுருள் முடி. ஊரே மயங்கும் அழகு. "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்று இழுக்கிற வேலையெல்லாம் இல்லை, அழகி என்றால் அழகிதான். வலது கன்னத்தில் மட்டும் மூன்று தழும்பு. லெவானா பொறாமையில் அவள் கையாலேயே அவள் முகத்தைக் கீற வைத்தது. தோட்டக்காரனிலிருந்து சிப்பாய் வரை அந்தத் தழும்போடுதான் அவளை நேசிக்கிறார்கள். அது லெவானாவுக்கு இன்னும் எரிகிறது.

இரண்டாவது, வின்டர் தன் வசிய சக்தியைத் தொடவே மாட்டாள். சின்ன வயதில் ஒருத்தியின் உயிரைக் காப்பதற்காக அதைப் பயன்படுத்தியிருக்கிறாள். நல்லது செய்ததாக நினைத்தது வேறு விதமாக முடிந்துபோயிற்று. அன்றோடு விட்டவள்தான். ஆனால் அந்தச் சக்தியை உள்ளேயே அடக்கி வைத்தால் புத்தி பேதலிக்கும். அதனால்தான் சுவரில் ரத்தம், உடம்பெல்லாம் பனிக்கட்டியாக உறைவது, தான் கண்ணாடியாகி நொறுங்கப்போவதாக நினைப்பது எல்லாம். யாரையும் ஏமாற்ற மாட்டேன் என்று ஒருத்தி பிடிவாதமாக இருக்கிறாள், அதற்கு அவள் கொடுக்கிற விலை தன் சொந்தப் புத்தி. இந்தப் பேச்சை அவள் பேசுகிற விதமும் அழகு. பாதி உளறல், பாதி குறும்பு, எது எது என்று நமக்கே பிடிபடாது.

ஸ்னோ ஒயிட்டில் வரும் வேடன் ஞாபகம் இருக்கிறதா? பெண்ணைக் காட்டில் கொன்று ஈரலைக் கொண்டுவா என்று அரசி அனுப்புவாள், அவன் மனமிரங்கி ஒரு பன்றிக்குட்டியின் ஈரலைக் கொண்டுபோவான். இங்கே வேடன் ஜேசின் என்ற காவலன், வின்டரோடு கூட வளர்ந்தவன். அரண்மனை மிருகக்காட்சிசாலையில் அவளுக்குப் பிடித்த வெள்ளை ஓநாய் ஒன்று உண்டு. அவளைக் கொல்லாமல் விட, அந்த ஓநாயைக் கொல்கிறான். கிரிம் சகோதரர்களின் பழைய கதையில் பன்றிக்குட்டிக்காக யாராவது வருத்தப்பட்டோமா? இங்கே அந்த ஓநாய்க்குப் பேர் இருக்கிறது, ரியு. நூறு பக்கமாக அவள் கையை முகர்ந்து பழகியது. எனக்கு அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மாவு அரைக்கப் போகவேண்டியிருந்தது.

விஷ ஆப்பிளும் உண்டு. அவளுக்குப் பிடித்த புளிப்பு ஆப்பிள் மிட்டாயில் கொள்ளைநோயைத் தடவி, கிழவி வேஷத்தில் லெவானாவே கொண்டுவந்து கொடுக்கிறாள். கண்ணாடிப் பெட்டிக்குப் பதில் உயிரை நிறுத்தி வைக்கும் தொட்டி. இந்த மாதிரிப் பொருத்தமெல்லாம் கெட்டிக்காரத்தனம்தான், ரசிக்கலாம், அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

குறை சொல்லாமல் விட மாட்டேன் என்று உனக்குத் தெரியும். நடுவில் ஒரு 250 பக்கம் பிடிபடுவதும் தப்புவதும், தப்புவதும் பிடிபடுவதும். நான்கு கதாநாயகி, நான்கு கதாநாயகன், எல்லோருக்கும் கணக்காகப் பங்கு பிரித்துக் கொடுக்கவேண்டும் என்ற கவலை ஆசிரியருக்கு. பந்தியில் ஒரு இலையும் விட்டுப்போகக் கூடாது என்று ஓடுகிற மாமி மாதிரி. ஒரு புரட்சியே நடக்கிறது, ஜனங்கள் செத்து விழுகிறார்கள், ஆனால் ஜோடிகள் எட்டுப் பேரும் உயிரோடு கரையேறிவிடுகிறார்கள். ஒருவனின் தாயைக் கண்ணெதிரே கொல்கிறார்கள், அது ஒன்றுதான் நெஞ்சில் நிற்கிறது. முதல் புத்தகத்து நாயகி சிண்டர், பாதி உடம்பு இயந்திரமானவள், லெவானாவை வீழ்த்தி முடிசூடிய பிறகு முடியாட்சியே வேண்டாம், குடியரசாக்குகிறேன் என்கிறாள். பெரிய விஷயம். இவ்வளவு தடி புத்தகத்தில் அதற்குக் கிடைத்தது சில பக்கம்.

இனி நான் சொல்ல வந்தது. இதற்காகத்தான் இந்தக் கடிதம் இவ்வளவு நீண்டுவிட்டது.

போன வாரம் எட்டாம் வகுப்பில் பாடம் சீக்கிரம் முடிந்துவிட்டது. இந்தப் புத்தகம் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்ததால் ஸ்னோ ஒயிட் கதையைச் சொன்னேன். கார்ட்டூனில் பார்த்ததை அல்ல, ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் அச்சிட்டதை. 1812இல் வந்த முதல் பதிப்பில் அந்த அரசி மாற்றாந்தாயே இல்லை, பெற்ற தாய். 1819இல் வந்த பதிப்பில்தான் பெற்றவளை எடுத்துவிட்டு மாற்றாந்தாயை வைத்தார்கள். அதைச் சொன்னபோதே வகுப்பு கப்சிப். கடைசியில் கல்யாணத்துக்கு வந்த அரசிக்கு, நெருப்பில் பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பை மாட்டி, சாகும்வரை ஆடவிட்டார்கள் என்று முடித்தேன். பின் பெஞ்சில் ஒரு பையன், எப்போதும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பவன், எழுந்து கேட்டான்: "அந்தச் செருப்பைக் கழற்ற முடியாதா டீச்சர்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மணி அடித்துக் காப்பாற்றியது.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். மேயர் கதையில் அந்த இரும்புச் செருப்பு எங்கே போயிற்று? ஆப்பிள் இருக்கிறது, வேடன் இருக்கிறான், பெட்டி இருக்கிறது, இதை மட்டும் விட்டுவிட்டாரா? கடைசிச் சண்டையில் இல்லை. அங்கே சிண்டர் சமாதானத்துக்கு இடம் கொடுக்கிறாள், லெவானா கத்தியைப் பாய்ச்சுகிறாள், சிண்டரின் துப்பாக்கி வெடிக்கிறது, முடிந்தது. நெருப்பே இல்லை.

நெருப்பு கதையின் முன்னால் போய்விட்டது, ராஜி. 2015 ஜனவரியில், 'வின்டர்' வருவதற்கு முன், லெவானாவின் இளமையை மட்டும் சொல்லும் சின்னப் புத்தகம் ஒன்று வந்தது, 'ஃபேரஸ்ட்'. உன் மகள் அதையும் சேர்த்து அனுப்பியிருந்தாள், புத்திசாலி. அதில் லெவானா சின்னக் குழந்தை. அவளுடைய அக்கா, விளையாட்டுக்கு, வசியத்தால் அவளை எரிகிற அடுப்புக்குள் இறங்க வைக்கிறாள். ஒரு பக்க முகமும் உடம்பும் வெந்துபோகிறது. அதன் பிறகு லெவானா ஒரு நாளும் தன் நிஜ முகத்தோடு வெளியே வருவதில்லை. அரண்மனையில் கண்ணாடியே கூடாது, ஏனென்றால் வசியம் மனிதர்களிடம்தான் பலிக்கும், கண்ணாடியிடமும் கேமராவிடமும் பலிக்காது. வின்டரின் அப்பாவைக் கல்யாணம் செய்துகொள்ள, செத்துப்போன அவன் மனைவியின் முகத்தையே போட்டுக்கொண்டு போய் நிற்கிறாள். அந்த இடம் சுவரில் வழியும் ரத்தத்தைவிட ஆயிரம் மடங்கு இருட்டு. உன் கவலைக்கு உரிய பக்கம் அதுதான், நீ திறந்து பார்த்தது இல்லை.

ஆக, கிரிம் கதை முடிவில் மாட்டிய செருப்பை இவர் தொடக்கத்திலேயே மாட்டிவிட்டார். பழுக்கக் காய்ந்ததைப் போட்டுக்கொண்டு அவள் ஐந்து புத்தகம் முழுக்க ஆடுகிறாள், நமக்குத் தெரிவது ஆட்டம் மட்டும்தான். முதல் புத்தகத்தின் முதல் காட்சியே சிண்டர் சந்தையில் உட்கார்ந்து, அளவு பற்றாத தன் இரும்புக் காலைத் திருகாணி கழற்றி எடுப்பதுதான். அவளால் கழற்ற முடிகிறது. இதை ஆசிரியர் யோசித்துத்தான் வைத்தாரோ, எனக்குத்தான் அந்தப் பையனின் கேள்வியால் தோன்றுகிறதோ, தெரியாது. ஆனால் தோன்றிய பிறகு மனதிலிருந்து போகமாட்டேன் என்கிறது.

இதற்காக லெவானாவை மன்னித்துவிடலாம் என்று சொல்ல வரவில்லை. அவள் செய்தது கொஞ்சநஞ்சமா. சுட்டது அக்கா, கீறப்பட்டது வின்டர். தழும்பு இரண்டு பேருக்கும் உண்டு, ஒருத்தி மறைத்தாள், ஒருத்தி மறைக்கவில்லை. கடைசியில் சிண்டரின் கண்ணில் உள்ள கருவி பதிவுசெய்த லெவானாவின் வெந்த முகம் எல்லோரும் பார்க்கத் திரையில் ஓடும்போது, வில்லி மாட்டிக்கொண்டாள் என்று கை தட்டத் தோன்றவில்லை எனக்கு. அவமானமாக இருந்தது, யாரோ குளிக்கும்போது கதவைத் திறந்துவிட்ட மாதிரி.

உன் கேள்விக்குப் பதில்: படிக்கட்டும். உன் பாட்டி ஹாஸ்டலுக்கு வந்தபோதெல்லாம் நல்லதங்காள் கதை சொல்லிக்கொண்டே நமக்குச் சோறு உருட்டிக் கொடுத்ததை மறந்துவிட்டாயா? ஏழு பிள்ளையையும் கிணற்றில் போடுகிற இடத்தில்தான் எனக்கு எப்போதும் மோர்ச்சோறு வரும்.

இன்னொன்று, இதை அவளிடம் கேட்டுவிடாதே. லெவானாவின் முகம் திரையில் தெரிகிற அந்தப் பக்கத்து ஓரத்தில் உன் மகள் பென்சிலால் "பாவம்" என்று எழுதி, ஒரு கோடு போட்டு அடித்திருக்கிறாள். ரப்பர் போட்டு அழிக்கவில்லை. சில பக்கம் தள்ளி, ஒன்றுமில்லாத இடத்தில், "ஆனாலும்" என்று ஒரு வார்த்தை. சாரலில் அந்தப் பக்கம் நனைந்தும் பென்சில் கலையவில்லை, நல்லவேளை. அம்மா படித்தாள் என்று தெரிந்தால் அடுத்த புத்தகத்தில் எழுதமாட்டாள்.

அடுத்தது என்றதும் ஞாபகம் வருகிறது. 2016இல் இதே ஆட்களை வைத்து ஒரு சிறுகதைத் தொகுப்பு வந்திருக்கிறது, 'ஸ்டார்ஸ் அபவ்'. அவளிடம் இருந்தால் தீபாவளிக்கு வரும்போது எடுத்துக்கொண்டு வா. பயப்படாதே, கதவுக்கு இப்போது அம்மிக்குழவி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் செல்வி