கைக்குத் தெரியாத விசை

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் தந்தையாரின் காரை மீண்டும் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டாய் என்பதையும், அதற்கென்றே ஒரு வேலைமேசை போட்டுவிட்டாய் என்பதையும் படித்து மனம் நிறைந்தது. ஆனால், புதிதாக வாங்கிய கார்ட்லெஸ் இம்பேக்ட் ரெஞ்சால், அதாவது பேட்டரியில் ஓடி நட்டை அடித்து முறுக்கும் அந்த இயந்திரத்தால், நான்கு சக்கரங்களின் நட்டுகளையும் சக்கரத்துக்கு அரை நிமிடம் வீதம் முடுக்கிவிட்டேன் என்று நீ எழுதியிருந்த வரியைத் தாண்டி என்னால் எளிதில் போக முடியவில்லை. நீ கேட்ட மற்ற கேள்விகளுக்கு அப்புறம் வருகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நானும் இதையேதான் செய்தேன். சில மாதங்கள் கழித்து, பிரேக் பேடு மாற்றுவதற்காக முன்சக்கரம் ஒன்றைக் கழற்றியபோது, ஒரு நட் மட்டும் வழக்கத்துக்கு மாறாக மிகவும் சிரமப்பட்டு வந்தது. சந்தேகம் வந்து, புதிய நட் ஒன்றை எடுத்து அந்த ஸ்டட்டில், அதாவது சக்கரத்தைத் தாங்கி நிற்கும் மரையிட்ட கம்பியில், விரலாலேயே சுற்றிப் பார்த்தேன். ஆறு சுற்று வழுக்கிக்கொண்டு ஓடிய நட், ஏழாவது சுற்றில் அப்படியே நின்றுவிட்டது. புதிய ஸ்டட் ஒன்றை அதன் பக்கத்தில் வைத்து மரையோடு மரை பொருத்தி விளக்கொளியில் பார்த்தேன். நுனியில் ஒன்றோடொன்று படிந்த பற்கள், அடிப்பக்கம் போகப்போக விலகி, இடையில் மெல்லிய வெளிச்சக் கோடு தெரிந்தது. இரும்பு இழுபட்டு நீண்டிருக்கிறது! நான்கு சக்கரங்களையும் சோதித்ததில் மூன்று ஸ்டட்டுகள் அந்த நிலையில் இருந்தன. அவற்றின் மேல் என் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அத்தனை மாதம் ஓட்டியிருக்கிறேன் என்பதை இன்று நினைத்தாலும் உடல் நடுங்குகிறது.

நாம் படித்த நாட்களில், இறுகிப்போன வீல் நட்டைக் கழற்ற ஸ்பேனரின் மேல் ஏறி நின்று அழுத்துவோமே, அப்போது எவ்வளவு விசை கொடுக்கிறோம் என்பது நம் உடம்புக்கே தெரிந்தது. ட்ரில்லிலும் அப்படித்தான், அலகு சிக்கிக்கொண்டால் அதே விசை திரும்பி வந்து மணிக்கட்டை முறுக்கும். இம்பேக்ட் ரெஞ்சில் அது நடப்பதில்லை. அதனுள்ளே ஒரு சுத்தியல் ஸ்பிரிங்கின் மேல் சுழன்று, நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை ஓர் அடைகல்லை அடிக்கிறது. ஒவ்வொரு அடியும் கணப்பொழுதில் முடிந்துவிடுவதால், எதிர்விசையில் பெரும்பகுதி கைக்கு வந்து சேர்வதே இல்லை. துருப்பிடித்த நட்டை அசைத்துக் கொடுப்பது இந்த அடிதான். நட் இறுகிய பிறகும், நாம் உணராமலேயே, அதைத் தொடர்ந்து முறுக்கிக்கொண்டு போவதும் இதே அடிதான்.

நம்மைப் போன்றவர்கள் ஓட்டும் பெரும்பாலான கார்களில் வீல் நட்டுக்குச் சொல்லப்படும் முறுக்குவிசை ஏறத்தாழ 100 முதல் 120 நியூட்டன் மீட்டர்தான். உன் காருக்கு உரிய சரியான அளவு அதன் கையேட்டில் இருக்கும். 110 நியூட்டன் மீட்டர் என்றால், அரை மீட்டர் நீளக் கைப்பிடியின் முனையில் ஏறத்தாழ 22 கிலோ எடை தொங்குவதற்குச் சமம். உன் இயந்திரம் அதைப்போலப் பல மடங்கு கொடுக்கவல்லது. இன்னொன்றும் உண்டு: முடுக்கும்போது நாம் கொடுக்கும் விசையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே போய்விடுகிறது, மீதமுள்ள சிறு பங்குதான் ஸ்டட்டை இழுத்துச் சக்கரத்தை அதன் இடத்தில் இறுகப் பிடித்து வைக்கிறது. ஆகவே, மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவிவிட்டு, உலர்ந்த மரைக்குச் சொன்ன அளவுக்கே முடுக்கினால், உராய்வு குறைந்து இழுவிசை வெகுவாக ஏறிவிடும். மரையைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய். கையேடு சொன்னாலொழிய எதையும் தடவாதே.

ஆகவே, இயந்திரம் கழற்றுவதற்கு, முடுக்குவதற்கு, நாம் வைத்த முறுக்குவிசை வந்ததும் தெரிவிக்கும் டார்க் ரெஞ்ச். நட்டுகளை முதலில் விரலாலேயே ஓட்டி, ஒன்றுக்கு எதிராக ஒன்று என்ற வரிசையில் கையால் இறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கிய பின் டார்க் ரெஞ்சால் முடி. கழற்றும்போதும், நட்டைக் கவ்வும் பளபளப்பான சாதாரண சாக்கெட்டை இம்பேக்ட் ரெஞ்சில் மாட்டாதே. அது அடியைத் தாங்காமல் வெடித்துச் சில்லு தெறிக்கக்கூடும். அதற்கென்றே கனமான சுவருடன் வரும் கறுப்பு சாக்கெட்டையும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியையும் பயன்படுத்து.

பேட்டரி பற்றிக் கேட்டிருந்தாய். 18 வோல்ட் என்றும் 20 வோல்ட் என்றும் எழுதியிருப்பவை இரண்டும் ஒன்றே. உள்ளே 3.6 வோல்ட் கொண்ட ஐந்து லித்தியம் அயான் செல்கள் வரிசையாக இருக்கின்றன. முழுதாகச் சார்ஜ் ஏறிய நிலையை வைத்து 20 என்கிறார்கள். வோல்டேஜைவிட, உள்ளே எத்தனை செல்கள் என்பதுதான் உனக்கு முக்கியம். ஐந்து செல் கொண்ட சின்ன பேட்டரி கனமான வேலையில் வோல்டேஜ் சரிந்து திணறும். பத்து செல் கொண்ட, 5 ஆம்பியர் ஹவர் கொள்ளளவுள்ள பேட்டரியில் அதே ரெஞ்ச் வேறொரு கருவியைப் போல வேலை செய்யும். வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் பேட்டரியை விட்டுவைக்காதே. மாதக்கணக்கில் எடுக்காமல் வைப்பதானால் பாதிச் சார்ஜில் வை. 1961-இல் பிளாக் அண்டு டெக்கர் நிறுவனம் கார்ட்லெஸ் ட்ரில்லை வெளியிட்டபோது இருந்தவை நிக்கல் காட்மியம் செல்கள். அவற்றைப் பேணுவதற்குச் சொன்ன பழைய பழக்கங்கள், முழுதாகத் தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் ஏற்ற வேண்டும் என்பது உட்பட, லித்தியத்துக்குப் பொருந்தா.

நீ செய்யப்போகும் மரச் சாய்தளம் எனக்கு மிகவும் பிடித்த வேலை. தாழ்வான காரின் அடியில் ஜாக்கி நுழைய இடமில்லாதபோது, சக்கரத்தை மூன்று அங்குலம் உயர்த்திக் கொடுத்தாலே போதும். கனமான மரப் பலகைகளை, ஒவ்வோர் அடுக்கையும் கீழுள்ளதைவிடச் சற்றுக் குட்டையாக அறுத்து, பசையிட்டு அடுக்கித் திருகினேன். முதலில் மெல்லிய அலகால் வழித்துளை போட்டுக்கொள். இல்லையென்றால் பலகையின் ஓரம் பிளந்துவிடும். திருகுகளை ஏற்றுவதற்கு இம்பேக்ட் டிரைவரைவிட ட்ரில்லையே எடு. ட்ரில்லின் கழுத்தில் எண்களோடு இருக்கும் அந்த வளையத்தைக் குறைந்த எண்ணில் வைத்துத் தொடங்கி, திருகின் தலை பலகையோடு சமமாகப் படியும் எண்ணில் நிறுத்து. உரிய இறுக்கம் வந்ததும் டக்டக்கென்று தானாகவே விட்டுக்கொடுக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்பதில் எனக்கு இன்றும் சலிப்பில்லை. சாய்தளம் ஜாக்கிக்கு வழிவிடத்தான். காரின் அடியில் நுழைவதானால் ஜாக்கி ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்திவிட்டுத்தான் நுழைய வேண்டும்.

மங்கிப்போன ஹெட்லைட்டுக்கும் அதே ட்ரில் போதும். மங்கியிருப்பது பாலிகார்பனேட் என்ற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கின் மேலிருக்கும் காப்புப் பூச்சு. சுற்றியுள்ள பெயிண்ட்டின் மேல் டேப் ஒட்டிவிட்டு, 800, 1500, 2000, 3000 எண் கொண்ட, வரவர மென்மையாகும் உப்புத்தாள்களை நீரில் நனைத்து ஒன்றன்பின் ஒன்றாகத் தேய்த்து, பிறகு பஞ்சுத் திண்டு மாட்டி மெதுவான வேகத்தில் பாலிஷ் போடு. ஒரே இடத்தில் நிறுத்தினால் சூடேறிப் பரப்பு குழைந்துவிடும், நகர்த்திக்கொண்டே இரு. இறுதியில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் பூச்சு அடிக்காவிட்டால், பட்ட பாடெல்லாம் வீண்; விரைவிலேயே மீண்டும் மஞ்சளாகிவிடும்.

இவற்றில் எதைத் தொடங்குவதற்கு முன்பும், காரை வெளியே எடுப்பதற்கு முன்பும், நான் கேட்பது ஒன்றே ஒன்று. நான்கு சக்கரங்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு ஸ்டட்டிலும் ஒரு புதிய நட்டை விரலால் கடைசி வரை ஓட்டிப் பார். எங்கேயாவது நின்றால், அந்த ஸ்டட்டைத் தயங்காமல் மாற்றிவிடு. எல்லாம் சரியாக இருந்தால் டார்க் ரெஞ்சால் முடுக்கி, 80 கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடியும் ஒருமுறை சரிபார். எத்தனை ஸ்டட் தேறின, எது எந்தச் சுற்றில் நின்றது என்று எனக்கு உடனே எழுது. அது தெரியும் வரை எனக்கு நிம்மதி இருக்காது.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்